ஆர்சிஏ வயரா, எக்ஸ்எல்ஆர் வயரா: ஒரு ஹம் சத்தத்தோடு நான் பட்ட பாடு

வீட்டில் பாட்டு கேட்க கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்துவிடும். சிவப்பு வெள்ளை பின் உள்ள சாதாரண ஆர்சிஏ வயர் போதுமா, மேடைகளில் பார்க்கிற மூன்று பின் எக்ஸ்எல்ஆர் வயர் வாங்க வேண்டுமா? முதலாவதை சிங்கிள் எண்டெட் என்கிறார்கள், இரண்டாவதை பேலன்ஸ்டு. இதற்குச் சரியான பதில் எனக்குக் கிடைப்பதற்குள் 16,700 ரூபாய் போய்விட்டது. மாதக்கணக்கில் நிம்மதியும் போனது. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், பிள்ளைகள் சிறியவர்கள், பள்ளிக்கூட வேலை வேறு. கடைக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நடுவே தனியாக அலைந்தபோது, விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்தேன். அந்த வார்த்தையை இப்போது நான் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

தக்கலை பக்கம் எங்கள் வீடு. பழைய ஓட்டு வீட்டோடு பின்னால் ஒரு படிப்பறை சேர்த்துக் கட்டியிருக்கிறோம். கம்ப்யூட்டர் அந்த அறையில், டிவியும் ஸ்பீக்கரும் ஹாலில். ஸ்பீக்கர் இரண்டும் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் வகை, ஒவ்வொன்றுக்கும் தனி மூன்று பின் பிளக். பின்னால் ஆர்சிஏ, எக்ஸ்எல்ஆர் இரண்டு வழியும் உண்டு. கம்ப்யூட்டரின் இபி பின்னிலிருந்து, அதாவது ஹெட்போன் மாட்டும் சின்னத் துளையிலிருந்து, கதவு நிலையைச் சுற்றி ஸ்பீக்கர் வரை வயர் ஏழெட்டு மீட்டர் ஓடியது. பிள்ளைகள் பாட வீடியோவைப் பெரிய திரையில் பார்க்கட்டும் என்று கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு எச்டிஎம்ஐ வயரும் சுவர் ஓட்டை வழியாகப் போயிருந்தது. அந்த எச்டிஎம்ஐ வயர் பின்னால் வரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரை ஆன் செய்த முதல் இரவே 'ம்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு சத்தம். பாட்டு ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. வீணையின் ஒரு மீட்டல் ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் இருக்கும் அமைதியில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பாட்டு கேட்பதே அந்த அமைதிக்காகத்தான். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எனக்கென்று கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை இந்தச் சத்தம் தின்றபோது உண்மையிலேயே அழுகை வந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஹம் என்பது அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் பாட்டு வயருக்குள் புகுந்துவிடுவதுதான். இவ்வளவும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

நாகர்கோவிலில் ஒரு கடையில் சொன்னேன். உங்கள் வயர் மட்டம் என்றார்கள். ஆக்சிஜன் நீக்கிய செம்பு, தங்க முலாம், விரல் பருமன் என்று ஒரு ஆர்சிஏ வயர், 6,500 ரூபாய். மாட்டினேன். ஹம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ஏன் கொஞ்சம் மட்டும் குறைந்தது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும். ஆர்சிஏ வயரில் இரண்டே பாதைதான். நடுக்கம்பியில் பாட்டு போகிறது. சுற்றியிருக்கும் வலைப்பின்னலான ஷீல்டு வழியாக அது திரும்பி வருகிறது. அதே ஷீல்டுதான் கம்ப்யூட்டரின் உடம்பையும் ஸ்பீக்கரின் உடம்பையும் இணைக்கிறது. இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவே சின்ன வித்தியாசம் இருந்தால்கூட அதனால் ஓடும் கரண்ட் ஷீல்டு வழியாகத்தான் ஓடும். ஷீல்டின் மின்தடை 0.1 ஓம், ஓடும் கரண்ட் 10 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். 1 மில்லி வோல்ட் ஹம் பாட்டோடு சேர்ந்துவிடும். வீட்டு சாதனங்களில் பாட்டின் சராசரி அளவே 0.3 வோல்ட் பக்கம்தான். முந்நூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50 டெசிபல் கீழே. அமைதியான அறையில் இது நன்றாகவே கேட்கும். ஷீல்டு பருமனானால் தடை குறையும், ஹம்மும் அந்த அளவுக்குக் குறையும். கடைக்காரர் சொன்னதில் இருந்த உண்மை அவ்வளவுதான். செம்பின் சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயரைப் பாதி நீளமாக்கியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும், காசில்லாமல்.

அடுத்து, பேலன்ஸ்டு வயர் போட்டால் சத்தமே வராது என்று ஒருவர் சொன்னார். மறுபடி கடை. ஒரு முனையில் ஸ்டீரியோ இபி பின், மறுமுனையில் எக்ஸ்எல்ஆர். முதலில் ஒரு ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள் என்று 1,200 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அன்று நடந்ததை மறக்க மாட்டேன். பாட்டைப் போட்டால் பாடுகிறவரைக் காணவில்லை! வயலின் கேட்கிறது, ஓரத்தில் தாளம் கேட்கிறது, குரல் இருக்க வேண்டிய இடத்தில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும் எதிரொலி மட்டும். புது ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நெஞ்சு படபடத்தது. ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேலன்ஸ்டு இன்புட் தன்னிடம் வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். அதன் வேலையே அதுதான். அந்த வயர் ஒரு கம்பியில் இடது சேனலையும் மற்றொன்றில் வலது சேனலையும் அனுப்பிவிட்டது. குரல் பொதுவாக இரண்டு சேனலிலும் சமமாக இருக்கும். சமமாக இருப்பதைச் சமமானதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது என்ன? பூஜ்யம். மைக்குக்கும் கிட்டாருக்கும் போடும் பெரிய பி-38 பின்னிலும் இதே ஆபத்து உண்டு. ஹெட்போனுக்கான ஸ்டீரியோ பி-38ம் பேலன்ஸ்டு பி-38ம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மூன்று தொடுபகுதி. ஹெட்போன் துளையிலிருந்து நேராக ஒரு பேலன்ஸ்டு இன்புட்டுக்கு இழுக்காதீர்கள். குரல் காணாமல் போனால் பொருள் கெட்டுவிட்டது என்று பயப்படவும் வேண்டாம், வயரை மாற்றினால் சரியாகிவிடும்.

அப்புறம் ஒரு முனை ஆர்சிஏ, மறுமுனை எக்ஸ்எல்ஆர் என்று ரெடிமேட் ஜோடி ஒன்று, 3,200. குரல் வந்துவிட்டது, ஹம்மும் கூடவே வந்தது, துளி குறையவில்லை. இதற்கும் காரணத்தைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கடைசியாக 5,800 ரூபாய்க்கு ஒரு பவர் கண்டிஷனர் பெட்டி. அது கரண்டில் வரும் வேறு தொந்தரவுகளை வடிகட்டும். இரண்டு எர்த்துக்கு நடுவே ஷீல்டில் ஓடும் கரண்டை அது தொடக்கூட இல்லை.

இதற்கு நடுவே வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் செய்த காரியத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டார். ஹம் சட்டென்று நின்றுவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு நாளில் தூசி துடைக்கும்போது ஸ்பீக்கரின் பின்பக்கத் தகட்டில் விரல் பட்டு சுருக்கென்றது. சின்னவன் அடிக்கடி அந்த வயரோடு விளையாடுவான். அந்த நினைப்பு வந்ததும் கை நடுங்கியது. அன்றைக்கே எர்த் பின்னைத் திரும்ப மாட்டச் சொன்னேன். உள்ளே 230 வோல்ட் கம்பி ஏதாவது தளர்ந்து தகட்டில் பட்டால், எர்த் இருந்தால்தான் ஃபியூஸ் போகும், எர்த் கசிவைப் பார்த்து ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் உடனே கட் செய்யும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கரண்டுக்கு மிஞ்சும் வழி மெல்லிய ஆர்சிஏ ஷீல்டும் நம் கையும்தான். ஹம் போவதற்காக எர்த் பின்னை எடுக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். எத்தனை அனுபவம் உள்ளவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வழி காட்டியது வயர் விற்கிற யாரும் இல்லை. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு சவுண்ட் சர்வீஸ் போட வந்த அண்ணன். மண்டைக்காடு கோயில் கொடை விழாவுக்கும் கோட்டாறு திருவிழாவுக்கும் மைக் செட் கட்டி வளர்ந்தவர். மேடையிலிருந்து மிக்சர் வரை ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் வயர் ஓடுகிறது, அதில் ஒரு முணுமுணுப்பு இல்லை. என் வீட்டில் எட்டு மீட்டரில் இந்தப் பாடு. விழா முடிந்ததும் போய்க் கேட்டேன். அவர் எதையும் வாங்கச் சொல்லவில்லை. "வயரு மாத்தாண்டாம் டீச்சர், மொதல்ல எல்லாத்தையும் உருவிப் போடுங்க. ஒவ்வொண்ணா மாட்டுங்க. எதை மாட்டும்போ சத்தம் வருதுன்னு மட்டும் பாருங்க" என்றார்.

அப்படியே செய்தேன். ஸ்பீக்கருக்கு கரண்ட் மட்டும் கொடுத்தேன், பாட்டு வயர் இல்லை. அமைதி. ஸ்பீக்கர் நல்லதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இந்த நிலையிலும் ஹம் வந்தால் கோளாறு ஸ்பீக்கருக்குள், எந்த வயராலும் தீராது. கம்ப்யூட்டரோடு இணைத்தேன், மெல்லிய கீச்சுச் சத்தம், மவுஸை நகர்த்தினால் கூடியது. டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐயை மாட்டினேன், மாற்றமில்லை. டிவியின் செட்டாப் பாக்ஸில் கேபிள்காரர்களின் கருப்பு வயரைத் திருகினேன், 'ம்ம்ம்' என்று பழைய ஹம் முழுசாக வந்தது. கழற்றினேன், போயிற்று. திரும்பத் திரும்ப மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். இத்தனை நாள் என்னை வாட்டியது தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி வயர். அதன் ஷீல்டு வெளியே எங்கோ ஒரு இடத்து எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அங்கிருந்து செட்டாப் பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ, கம்ப்யூட்டர், ஆர்சிஏ ஷீல்டு, ஸ்பீக்கர், எங்கள் வீட்டு எர்த் என்று ஒரு பெரிய வளையம். நான் ஆயிரக்கணக்கில் கொட்டியது அந்த வளையத்தின் ஒரே ஒரு கண்ணிக்கு.

கேபிள் டிவி வயருக்கென்று ஐசொலேட்டர் ஒன்று விரல் நீளத்தில் கிடைக்கிறது. டிவி சிக்னலைப் போகவிட்டு ஷீல்டு இணைப்பை மட்டும் துண்டிக்கும். 350 ரூபாய். பெரிய ஹம் அதோடு முடிந்தது. மாடியில் குடை வைத்த டிடிஎச் இணைப்பு உள்ளவர்கள் இதைப் போட வேண்டாம். குடைக்கு அதே வயர் வழியாகத்தான் கரண்ட் போகிறது, இது அதை மறித்துவிடும். டிவியின் சத்தம் மட்டும்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் ஆப்டிகல் வயர் போடுங்கள். வெளிச்சம் போகும் இழையில் ஓடுவதற்கு எர்த் கரண்டே கிடையாது. இன்னொன்று, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஐசொலேட்டர் இடிக்குப் பாதுகாப்பில்லை. ஐப்பசி இடியில் நான் கேபிள் வயரைக் கழற்றியே வைத்துவிடுவேன்.

அண்ணன் சொல்லி வீட்டு எர்த்தையும் பார்த்தோம். படிப்பறையின் கரண்ட் சர்க்யூட்டும் ஹாலின் சர்க்யூட்டும் வேறு வேறு பாதை, இடையே ஒரு இணைப்பு தளர்ந்து கருத்திருந்தது. கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தது. வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து இணைப்பை முறுக்கி, குழியைச் சரிசெய்ய 1,500. முடிந்தால் சேர்ந்து வேலை செய்யும் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கரண்ட் கொடுங்கள். பாட்டு சாதனங்கள் எடுக்கும் கரண்ட் குறைவுதான், ஒரு பெட்டி தாங்கும். எர்த் வித்தியாசம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். எனக்கு இரண்டு அறை என்பதால் அது முடியவில்லை.

மிஞ்சியது அந்தக் கீச்சு. அதற்குத்தான் பேலன்ஸ்டு உண்மையிலேயே தேவைப்பட்டது. பேலன்ஸ்டு வயரில் மூன்று பாதை. 2ஆம் பின்னில் பாட்டு, 3ஆம் பின்னில் அதே பாட்டின் தலைகீழ் வடிவம், 1ஆம் பின்னில் ஷீல்டு. எர்த் கரண்ட் ஷீல்டில் ஓடிவிட்டுப் போகும், பாட்டு அந்தப் பாதையைத் திரும்பி வரப் பயன்படுத்துவதில்லை. வழியில் புகும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் புகும். இன்புட் கழிக்கும்போது அது காணாமல் போகும். என் பாட்டில் குரலைத் தின்ற அதே கழித்தல்தான் இங்கே இரைச்சலைத் தின்கிறது. சாதாரண இன்புட்கூட இரைச்சலை 40 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்காக்கும். நல்லது 60 டெசிபல், ஆயிரத்தில் ஒன்று. டெலிபோனுக்காக கிரகாம் பெல் 1881இல் முறுக்கிய ஜோடிக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார், வேலை செய்யும் தத்துவம் அன்றிலிருந்து இதுதான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அனுப்பும் பக்கமும் பேலன்ஸ்டாக இருக்க வேண்டும், வாங்கும் பக்கமும் இருக்க வேண்டும், அப்போதுதான் முழுப் பலன். நடுவில் வயர் மட்டும் பேலன்ஸ்டு என்றால் அது வெறும் விலை கூடிய வயர்.

கம்ப்யூட்டருக்கு எக்ஸ்எல்ஆர் அவுட்புட் உள்ள ஒரு சிறிய டிஏசி பெட்டி, அதாவது டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி, வாங்கினேன். வயர் இரண்டும் அண்ணனே மைக் செட்டுக்குப் போடும் சாதாரண இரட்டைக் கம்பி வயரில் பற்றவைத்துத் தந்தார், ஜோடி 900 ரூபாய். அன்றிரவு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. மெல்ல ஒரு 'ஸ்ஸ்', அதுவும் ஒரு சாண் தள்ளி வந்தால் இல்லை. அன்று வெகுநேரம் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த டிஏசியில் ஆர்சிஏவும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டபோது எக்ஸ்எல்ஆரில் பாட்டே உயிரோடு இருப்பதாகத் தோன்றியது. கடைகளில் உங்களுக்கும் இப்படி ஒப்பிட்டுக் காட்டுவார்கள், உஷாராக இருங்கள். ஆர்சிஏவில் பொதுவாக 2 வோல்ட், எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட் வரும். அதாவது 6 டெசிபல் அதிக சத்தம். சத்தம் கூடினால் காதுக்கு நன்றாக இருப்பது இயல்பு. வால்யூமைச் சமமாக்கிக் கேட்டபோது, ஹம் இல்லாத இடத்தில் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் என் முடிவு இதுதான். சாதனங்கள் ஒரே அலமாரியில், ஒன்றிரண்டு மீட்டர் வயரில், ஹம் இல்லாமல் ஓடுகிறதென்றால் ஆர்சிஏவே போதும், பேலன்ஸ்டுக்குக் காசு போடாதீர்கள். ஐந்து மீட்டர் தாண்டினால், இரண்டு அறை, இரண்டு சர்க்யூட் என்றால், ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கர்கள் தனித்தனியாகக் கரண்ட் எடுக்கிறதென்றால் பேலன்ஸ்டுக்குப் போங்கள், ஆனால் மைக் வயரே போதும். ஹெட்போனில் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு என்று விற்பது வேறு சமாசாரம். அது ஹெட்போனுக்குக் கூடுதல் சக்தி கொடுப்பதற்கு, ஹம்முக்கும் அதற்கும் தொடர்பில்லை. தங்க முலாமை நான் முழுசாகத் தள்ளிவிடவும் மாட்டேன். குளச்சல் கடற்கரைப் பக்கம் இருக்கும் சக ஆசிரியை வீட்டில் சாதாரண பின்கள் உப்புக் காற்றில் பச்சை பிடித்துப் போயிருந்தன. தங்கம் துரு ஏறாது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அந்த அளவில் அது உபயோகம்தான்.

அந்த 3,200 ரூபாய் ரெடிமேட் வயர் ஏன் பலிக்கவில்லை என்பதை மல்டிமீட்டரை வைத்து அண்ணன் காட்டினார். எக்ஸ்எல்ஆர் முனைக்குள்ளேயே 1ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். அப்படிச் சேர்த்தால் பாட்டு பழையபடி ஷீல்டு வழியாகவே திரும்பும், எக்ஸ்எல்ஆர் பின் போட்ட ஆர்சிஏ வயர் அது. ஆர்சிஏ அவுட்புட் மட்டுமே உள்ள பொருளை பேலன்ஸ்டு இன்புட்டோடு இணைக்க வேண்டுமென்றால் இரட்டைக் கம்பி வயர் எடுத்து, ஒரு கம்பியை ஆர்சிஏ நடுமுனையிலிருந்து 2ஆம் பின்னுக்கும், மற்றதை ஆர்சிஏ வெளிவளையத்திலிருந்து 3ஆம் பின்னுக்கும் கொடுங்கள். ஷீல்டு 1ஆம் பின்னுக்கு. ஷீல்டும் வெளிவளையமும் சேருவது ஆர்சிஏ முனையில் மட்டும். சேர்க்கும் இடம் மாறுவதால் மட்டுமே ஹம்மின் பெரும் பகுதி போய்விடுகிறது, அனுப்பும் பக்கம் உண்மையான பேலன்ஸ்டாக இல்லாவிட்டாலும். அப்பாவின் பழைய டேப் டெக்கை இப்படித்தான் ஸ்பீக்கரோடு இணைத்திருக்கிறேன். அதே ரெடிமேட் வயரைப் பிரித்து, உள்ளே இரட்டைக் கம்பி இருந்ததால், பின்களை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார் அண்ணன். கடையில் இந்த வகை வயர் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன்னால் மல்டிமீட்டரை 1க்கும் ஆர்சிஏ வெளிவளையத்துக்கும் வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், பின்னின் மூடியைத் திருகித் திறந்து 1க்கும் 3க்கும் நடுவே துண்டுக் கம்பி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். திறக்க விடமாட்டேன் என்றால் அந்த வயர் வேண்டாம்.